மலைநாட்டில் முதல் குதிரை: வாங்கும் முன்பும், வாங்கிய முதல் வருடமும்

துரைமார் குதிரையில் ஏறி மலை பார்க்க வந்த காலத்தைத் தாத்தா அடிக்கடி சொல்லுவார். துரையின் குதிரை நின்றது லாயம், நம் ஆட்கள் இருந்தது லயம், எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம் என்பார். லாயத்துக் கூரை மட்டும் ஒழுகாது என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார். அந்தக் கதை கேட்டு வளர்ந்தவனுக்குக் குதிரை ஆசை வராமல் இருக்குமா? நாலு வருடத்துக்கு முன், ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு, கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மட்டக்குதிரையை வாங்கி, கந்தப்பளைக்கு நடத்திக்கொண்டு வந்தேன். பெயர் மணி. என் எடைக்கு அதன் மேல் நான் ஏறவே கூடாது என்பது மூன்றாம் வாரம்தான் தெரிந்தது.

நுவரெலியா, ராகலை, வெலிமடை, ஹட்டன் பக்கம் கொஞ்சம் இடமும் கொஞ்சம் பணமும் வைத்துக்கொண்டு, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கிவிட்டு முழிப்பவர்களுக்கும் உதவும்.

முதல் படி: வேலையைக் கணக்குப் போடுங்கள்

குதிரை 25 வருடம் தாராளமாக இருக்கும், 30 தொட்டவையும் உண்டு. பத்து வயதில் வாங்கினாலும், இப்போது ஸ்கொலர்ஷிப் எழுதும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை அது உங்கள் வீட்டில்தான் நிற்கும். அத்தனை வருடமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் அதற்காக நிற்க வேண்டும். சாணி அள்ள, புல் போட, தண்ணீர் மாற்ற, குளம்பு பார்க்க. தீபாவளியன்றும் அதே இரண்டு மணி நேரம்தான், அடைமழையிலும் அதேதான். நீங்கள் கொழும்புக்குப் போனால் அந்த இடத்தில் யார் நிற்பார்கள்? இதற்கு ஒரு பெயர் சொல்ல முடியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

வாங்கும் விலையை எல்லோரும் பேரம் பேசுகிறார்கள், ஆனால் அடி விழுவது அங்கே இல்லை. தீனி, குளம்பு வெட்டுபவர், மருந்து, கொட்டில் பழுது என்று மாதக் கணக்கு எழுதி 12 ஆல் பெருக்குங்கள். அதற்கு மேல், ஒரு அவசர வைத்தியத்துக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். சீசனில் சவாரி விட்டுச் செலவை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சவாரித் தொழில் தனித் தொழில், முதல் குதிரை வாங்குகிறவர் இறங்கும் தொழில் அல்ல.

இரண்டாம் படி: அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள்

நான் செய்யாமல் விட்ட படி இது. தையற்காரர் வைத்திருக்கும் நாடா போதும், நீளம் போதாவிட்டால் கயிற்றால் அளந்து பிறகு நாடாவில் வையுங்கள்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், முதுகின் மேட்டோடு சேர்த்து நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். இன்னொரு அளவு, தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனைவரை நீளம். இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறக்குறையக் கிலோவில் வரும். மணிக்குச் சுற்றளவு 150, நீளம் 135. கணக்கு 255 கிலோ என்றது.

ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. மணிக்கு அது 51 கிலோ. அதுவும் சமதரைக் கணக்கு. நம் ஊர் ஏற்ற இறக்கத்துக்கு நான் நூற்றுக்குப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்கிறேன், அதாவது 38 கிலோ. என் எடை 68. என் மகளுக்கு அப்போது 32, சேணம் 5 கிலோ. ஆக, எனக்காக வாங்கிய குதிரை மகளுக்குப் போனது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று அம்மா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் படி: எந்தக் குதிரை

முதல் குதிரைக்கு வயது 10 முதல் 15 வரை இருக்கட்டும். இளங்குட்டியாக வாங்கி நம்மோடு சேர்த்து வளர்க்கலாம் என்பது கேட்க அழகாக இருக்கும். குதிரையின் எலும்பு முழுதாக முற்ற ஐந்தரை, ஆறு வயதாகும். மூன்று வயதுக் குதிரைக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, இரண்டு பேருக்கும் யார் சொல்லிக் கொடுப்பது?

நுவரெலியா பந்தயத் திடல் 1875 இல் தொடங்கியது. இன்றும் ஏப்ரல் என்றால் ஊரே அங்கேதான் நிற்கும். பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகள் சில நேரம் நல்ல விலைக்கு வரும். 450, 500 கிலோ எடை, வளர்ந்த ஆளைத் தாங்கும், பார்க்கவும் கம்பீரம். ஆனால் அது பழகியதெல்லாம் தீனி தின்று நிற்பதும் வெளியே வந்தால் பறப்பதும்தான். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் நிற்க வேண்டும் என்று சில குதிரைகளுக்குத் தெரியாது, இன்னும் வேகமாகப் போகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். திரும்பப் பழக்கலாம், நன்றாகவே பழகும். அனுபவம் உள்ளவர் பழக்கிய பிறகு வாங்குங்கள். நெடுந்தீவுக் குதிரை பிடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். அவை அந்தத் தீவின் வெளியில் தன்பாட்டில் திரிபவை, அங்கேயே இருக்க வேண்டியவை.

பார்க்கப் போகும்போது சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்திருந்தால், உங்களுக்குச் சாதுவாகக் காட்டுவதற்காக ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். திறந்த இடத்தில் நிற்கும் குதிரையை உங்கள் கண் முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள், கட்டச் சொல்லுங்கள், நாலு குளம்பையும் தூக்கச் சொல்லுங்கள். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாக நூறு மீற்றர் நடத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள். விற்பவர் ஏறி ஓட்டிய பிறகுதான் நீங்கள் ஏற வேண்டும். அவர் ஏறத் தயங்கினால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நாலாம் படி: நிற்க இடம்

மேய்ச்சலுக்கு ஒரு குதிரைக்கு ஒன்று முதல் இரண்டு ஏக்கர் என்பார்கள். நம் பக்கம் அத்தனை இடம் யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் வெட்டிக்கொண்டு வந்துதான் போட வேண்டும். ஆனாலும் நாள் முழுக்கக் கட்டிப் போடக் கூடாது. அரை ஏக்கரானாலும் அவிழ்த்துவிட ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை முதலில் காலால் நடந்து பாருங்கள். தேயிலை இருந்த நிலமாக இருந்தால் பழைய கான், அதாவது மழைத் தண்ணீர் வடிய வெட்டிய குழி, கட்டாயம் இருக்கும். மேலே புல் மூடி, பார்வைக்குச் சமதரை போலவே தெரியும். குதிரையின் கால் அதில் இறங்கி முறிந்தால் அதற்குப் பிறகு பெரும்பாலும் வைத்தியம் கிடையாது. கம்பு ஒன்றை எடுத்துக் குத்திக் குத்திப் பார்த்து, கண்ட கானையெல்லாம் மூடுங்கள், அல்லது வேலி போட்டு ஒதுக்குங்கள். முள்ளுக்கம்பி வேலி மாட்டுக்குச் சரி, குதிரைக்கு ஆகாது. மிரண்டு ஓடும் குதிரைக்குக் கம்பி கண்ணில் படாது, தோலைக் கிழித்த பிறகுதான் தெரியும்.

குளிரைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். 1,868 மீற்றர் உயரத்தில் ஜனவரி விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடந்தாலும், வயிறு நிறைய நார்த் தீனி தின்ற காய்ந்த குதிரை சும்மா நிற்கும். நனைந்த முதுகில் காற்று அடித்தால்தான் வதங்கிப் போகும். தென்மேற்குப் பருவ மழையில் நாள் கணக்கில் நனைந்து நின்றால் முதுகில் முடியோடு பொருக்குப் பொருக்காகத் தோல் உரியும். ஆகவே கூரையும் காற்று வரும் பக்கம் ஒரு மறைப்பும் முக்கியம். தரையில் தண்ணீர் நிற்கக் கூடாது. சிறுத்தை நடமாடும் தோட்டமென்றால் இரவில் கதவு சாத்தும் கொட்டில் வேண்டும். சிறுத்தை குதிரைக்கு வருவதைவிட நாய்க்கு வருவதுதான் அதிகம், ஆனால் வாடை பட்டாலே குதிரை வேலியை உடைத்துக்கொண்டு ஓடும்.

ஐந்தாம் படி: தீனி

மாடு வளர்த்த வீட்டுக்காரர்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். நானும் செய்தேன். மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போடும். குதிரைக்கு ஒரே சின்ன வயிறு, அதற்குப் பின்னால் பெரிய குடலில்தான் நார் புளித்துச் செரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்பதற்கு ஏற்ற உடம்பு அது. இன்னொரு விஷயம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பாக உள்ளே போனது உள்ளேயே நின்று வயிற்று வலியாகத்தான் வெளியே தெரியும், அந்த வலியிலேயே சாகவும் கூடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீனி. மணிக்கு 5 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், ஆகவே 25 கிலோ பச்சைப் புல் வெட்ட வேண்டும். நல்ல கனமான புல்லுக்கட்டு ஒன்று, தினமும். 450 கிலோ குதிரைக்கு 45 கிலோ. காலை, மதியம், மாலை, இரவு படுக்கும் முன் என்று நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். மட்டக்குதிரை 15 முதல் 25 லீற்றர் குடிக்கும், பெரிய குதிரை 40 லீற்றர்வரை போகும்.

இனி தவிடு. நம் வீடுகளில் மாட்டுக்குத் தவிடு வைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம். நம் பக்கத்துக் கிக்கியு, நேப்பியர் போன்ற புல்லில் ஒக்சலேற் இருக்கிறது, அது கல்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மாதக் கணக்கில் உள்ளே போனால் குதிரை தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல், பிறகு முகத்தின் இரண்டு பக்கமும் எலும்பு வீங்கிவிடும். மணிக்கு ஐந்து மாதம் இரண்டு வேளையும் தவிட்டுக் கஞ்சி கொடுத்து, நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று பெருமைப்பட்டவன் நான். நல்ல வேளை, நொண்டலோடு பிடிபட்டது. தவிட்டை நிறுத்தி, மிருக வைத்தியர் சொன்ன அளவுக்குக் கல்சியம் சேர்த்தோம். நடை சீராக ஒரு சீசன் முழுக்கப் போனது.

மாட்டுத் தீவன மூட்டையும் கோழித் தீவன மூட்டையும் குதிரை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் நல்லது, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

அப்புறம் மரக்கறித் தோட்டம். கந்தப்பளையில், மீப்பிலிமானையில் அறுவடை முடிந்தால் கழித்துப் போட்ட இலையும் தண்டும் குவிந்து கிடக்கும், இலவசத் தீனி என்று தோன்றும். கோவா இலை வயிற்றில் காற்றடைக்கும். லீக்ஸும் வெங்காயமும் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையாக்கும். உருளைக்கிழங்குச் செடியும் பச்சை படிந்த கிழங்கும் விஷம். மேலே என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. கேரட் மட்டும் தைரியமாகக் கொடுக்கலாம், அதையும் வட்டம் வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். ஹோட்டல் புல்வெளியில் மெஷின் வெட்டிய துணுக்குப் புல்லைச் சாக்கில் கட்டித் தருவார்கள். வாங்கவே வாங்காதீர்கள். சாக்குக்குள்ளேயே சூடாகிப் புளித்திருக்கும்.

வேலியோரம் பார்க்க வேண்டியவை: அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி, பன்னம், மலையுச்சிப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல். பட்டர் ஃப்ரூட் மரம் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் இலையும் குதிரைக்கு ஆகாது.

ஆறாம் படி: வைத்தியரும் குளம்பும்

நம் பகுதி மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு பார்ப்பவர்கள். குதிரை பார்த்த அனுபவம் உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். நாட்டில் மிருக வைத்திய பீடம் ஒன்றுதான், பேராதனையில். நுவரெலியாவிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர், றம்பொடை வளைவெல்லாம் இறங்கிப் போக வேண்டும். வயிற்று வலியில் உருளும் குதிரையை எந்த லொறியில் ஏற்றுவீர்கள், நடு இரவில் யார் ஓட்டுவார்? லொறிக்காரர் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள்.

நலமாக இருக்கும்போதே உங்கள் குதிரையின் எண்களை எழுதி வைத்தால் போனில் வைத்தியரிடம் பேச வசதி. உடல் சூடு 37.5 முதல் 38.5 பாகை, ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடியைத் தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கலாம். குதிரை திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தால், முன்காலால் தரையைப் பறித்தால், படுத்துப் படுத்து எழுந்தால், சாணி போடாமல் இருந்தால் உடனே போன் எடுங்கள். மாட்டுக்குச் செய்வதுபோல் மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

ஏற்பு ஊசி தவறக் கூடாது. ஏற்பு வலிக்குக் குதிரையைப்போல் எளிதில் பலியாகும் மிருகம் இல்லை, ஒரு பழைய ஆணி குத்தினால் போதும். விசர் நோய் ஊசியும் கேளுங்கள்.

குளம்பு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். வெட்டத் தெரிந்தவர் நம் பக்கம் குறைவு, பந்தயக் குதிரை, சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார். தினமும் குத்திச் சுத்தம் செய்வது உங்கள் வேலை. அடிப்பக்கம் நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி இருக்கும். அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் சேறு அடைந்தால் கறுத்து, அழுகி, நாறும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். மழை மாதங்களில் காலை மாலை இரண்டு வேளையும் பாருங்கள். கணுக்கால் முடிக்குள் அட்டையும் இருக்கும்.

ஏழாம் படி: தரையில் நின்று பழக்குதல்

முதல் இரண்டு வாரம் ஒன்றும் பழக்க வேண்டாம். புது இடம், புது ஆள், புது வாசனை. புல் போடுங்கள், தேய்த்துவிடுங்கள், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். நான் முதல் வாரத்திலேயே மணியைக் கொண்டுபோய் வேலிக் கட்டையில் இறுக்கிக் கட்டினேன். கீழ் ரோட்டில் ஒரு த்ரீவீல் டப்பென்று வெடித்தது. அடுத்த நொடி கட்டை மண்ணோடு பிடுங்கி வந்தது. மணி ஓட, கட்டை பின்னால் துரத்த, அது இன்னும் மிரண்டு ஓட, பக்கத்து வீட்டு லீக்ஸ் பாத்தி இரண்டு முழுதாகப் போனது. நஷ்டம் கட்டினேன்.

பந்தய லாயத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் டிவிஷனில் இருந்தார். கேள்விப்பட்டு வந்து, கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, குதிரை கயித்துக்குப் பயப்படல. கயிறு விடாதுன்னு தெரிஞ்சதும்தான் பயப்படுது.” பிறகு கட்டும் முறையைக் காட்டினார். அசையாத தூணில் முதலில் மெல்லிய சணல் வளையம் ஒன்று. அந்த வளையத்தில் குதிரைக் கயிறு, நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. உயரம் குதிரையின் முதுகு மட்டம், நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். மிரண்டு இழுத்தால் சணல் அறும், குதிரை நாலடி போய்த் தானாக நிற்கும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தவர்கள் விரல் போன கதை ஒவ்வொரு லாயத்திலும் ஒன்று இருக்கும்.

எங்கே நிற்பது என்பதும் பழக வேண்டியது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தோளுக்கு நேராக, பேசிக்கொண்டே போங்கள். பின்னால் கடக்க வேண்டியிருந்தால் பின்தொடையில் கை வைத்து ஒட்டிக்கொண்டு போங்கள், அல்லது உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் உதை முழு வீச்சில் விழும். காது பின்னால் ஒட்டிப் படிந்தால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழக்குவது எல்லாமே ஒரே வித்தையில்தான் நிற்கிறது. லேசாக அழுத்து, குதிரை இணங்கிய நொடியில் விடு. பின்னால் ஓர் அடி வைக்கப் பழக்கியதைச் சொல்கிறேன். மணியின் பக்கவாட்டில் நின்று, தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து, அதன் நெஞ்சை நோக்கி லேசாகத் தள்ளினேன். ஒன்றுமில்லை. அழுத்தத்தைக் கூட்டாமல், விடாமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டியது, ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு கால் எடுக்கவில்லை, எடை மட்டும் பின்னங்காலுக்குப் போனது, தோள் ஒரு விரற்கடை பின்வாங்கியது. அப்போதே கயிற்றை விட்டேன். மணி நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு யோசித்தது. மூன்றாம் முறை ஒரு கால் வந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்தினேன், மொத்தம் எட்டு நிமிடம். விடுகிற நொடியில்தான் குதிரை படிக்கிறது. முரண்டு பிடிக்கும்போது கை சலித்து விட்டால் முரண்டைப் படித்துக்கொள்ளும்.

இதே முறையில், தினமும் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல், கூடவே நடப்பது, நின்றால் நிற்பது, பின்னால் போவது, இடுப்பை நகர்த்துவது, நாலு காலும் கொடுப்பது என்று பழக்குங்கள். எல்லோரும் இடது பக்கம் நின்றே நடத்துவார்கள். நீங்கள் வலது பக்கமும் பழக்குங்கள், காரணம் கடைசியில் வரும். வட்டமாக ஓட்டுவதற்குச் சமதரை இருந்தால் பெரிய வட்டத்தில் பத்து நிமிடம் போதும். சரிவில் வேண்டாம், கால் மூட்டுக்குக் கேடு. இதற்கெல்லாம் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகட்டும்.

எட்டாம் படி: மிரட்சி தெளிய வைத்தல்

ரெயின்கோட், குடை, கொழுந்துச் சாக்கு, பொலித்தீன், தகரத்தில் விழும் மழை, த்ரீவீல் ஹோர்ன். எதைக் கண்டு மிரளுமோ அதைத் தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். பார்க்கிறது, ஆனால் ஓடவில்லை என்கிற தூரம் ஒன்று இருக்கும். அங்கே நின்று, தலை தாழ்ந்து மூச்சு விட்டதும் அந்தப் பொருளை எடுத்துவிடுங்கள். நாளைக்கு ஓர் அடி கிட்ட. மணிக்கு நீல ரெயின்கோட் பதினோரு நாள் பிடித்தது, மஞ்சள் ரெயின்கோட்டுக்குத் திரும்பவும் நாலு நாள். நிறம் மாறினால் வேறு பொருள் என்றே அது கணக்கு வைத்திருந்தது.

ஒன்பதாம் படி: ஏறுதல்

வேலி போட்ட சமதரை, காய்ந்த நாள், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேண்டாம். தலைக்குக் குதிரைச் சவாரிக்கென்று செய்த ஹெல்மெட். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கனம் கூட, காதையும் மூடும். அடிபட்ட ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். காலுக்குக் குதிகால் உள்ள, அடி மெல்லிய சப்பாத்து. தோட்டத்துக்குப் போடும் கம்பூட்ஸ், சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். விழுந்தால் பாதம் கழன்று வர வேண்டும், மாட்டினால் இழுத்துக்கொண்டு ஓடும்.

சேண வாரை இறுக்கி, நாலடி நடத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள், முதலில் வயிற்றை உப்பி வைத்திருக்கும். மேடையிலிருந்து ஏறினால் குதிரையின் முதுகுக்கு நல்லது. குதிரை இருப்பறியும் என்று பழமொழி சும்மா சொல்லவில்லை. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலை இறுக்கினால் அடுத்த நொடி அதன் முதுகும் இறுகும். முதல் ஒரு மாதம் நடை மட்டும். நட, நில், திரும்பு, பின்னால் வா. ஓட்டம் வேண்டாம். ஓடத் தொடங்கினால் ஒரு பக்கக் கயிற்றை மெதுவாக இழுத்துத் தலையை முழங்காலை நோக்கித் திருப்பி நிறுத்தலாம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். சமதரையில் சரி. சரிவில் செய்தால் குதிரையோடு உருள நேரிடும், ஆகவே மேட்டுப் பக்கம் திருப்பப் பாருங்கள்.

விழுந்தால் தலையில் அடி உண்டா என்று பாருங்கள். மயக்கம், வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது ஏதாவது இருந்தால் அன்றைக்குத் திரும்ப ஏறக் கூடாது. 1990 அழையுங்கள், அம்பியுலன்ஸ் இலவசம்.

பத்தாம் படி: ரோட்டுக்கு

எட்டு ஒன்பது மாதம் ஆன பிறகு, அதுவும் ஞாயிறு காலை போல வாகனம் குறைந்த நேரத்தில். ஒளிரும் மேலாடை இருவருக்கும். நம் நாட்டில் இடது ஓரமாகத்தானே போவோம், வாகனம் வருவது வலது பக்கம். நடத்திக்கொண்டு போகிறவர் குதிரைக்கும் வாகனத்துக்கும் நடுவில், அதாவது குதிரையின் வலது பக்கம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் வலது பக்கமும் பழக்கச் சொன்னேன். ஈரத் தாரில் இறக்கம் வந்தால் இறங்கி நடத்துங்கள். வளைவில் எதிரே வரும் வேனுக்கு உங்களைத் தெரியாது. பின்னேரம் மூடுபனி இறங்கும் நாளில் கிளம்பவே வேண்டாம்.

நாங்கள் முதல் தடவை கிளம்பியது ஒரு பெப்ரவரிக் காலை. மகள் மேலே, நான் பக்கத்தில் கயிற்றோடு. கோயில்வரை போய்த் திரும்ப இருபது நிமிடம் என்பது திட்டம். கோயிலைத் தாண்டுவதற்குள் மலைக்குப் பின்னாலிருந்து பனி வந்து ரோட்டை மூடிவிட்டது, கைக்கெட்டும் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. “இறங்கட்டுமா அப்பா?” என்றாள். சொல்லாமலே கேட்டது எனக்கு நிம்மதி. இறங்கினாள், அங்கவடியை மேலே ஏற்றிக் கட்டினாள். மணியை நடுவில் விட்டு, ஒரு லொறியின் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓரத்து வெட்டில் ஒதுங்கி நின்று, வீட்டுக்கு வந்துசேர ஐம்பது நிமிடம் ஆனது. மணி வழியெல்லாம் புல் மேயப் பார்த்தது.